பாட்டே வராத பாட்டு

குளியலறையில் வழுக்கி விழுந்ததில் அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, வலியைவிட ராத்திரிகள்தான் அவரை அதிகம் படுத்தின. அப்பா போனதிலிருந்தே அம்மாவுக்கு நிசப்தம் ஆகாது. டி.வி ஓடினால் தூக்கம் வராது, அணைத்தால் பயம். பழைய பாட்டு போட்டால் கூடவே முணுமுணுத்தபடி விடிய விடிய விழித்திருப்பார்.

மறுநாள் எனக்கு ஆபீஸ். நானாவது தூங்கலாமே என்று, பிரையன் ஈனோவின் 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தை மொபைலில் சன்னமாக வைத்தேன். 1970-களின் இறுதியில் வந்தது. 'ஆம்பியன்ட் மியூசிக்' என்று சொல்வார்கள். பியானோவில் சில ஸ்வரங்கள் விழும். அவை அடங்கியபின் இன்னும் சில. தாளம் கிடையாது.

பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்த அம்மா, "இதுல பாட்டு எப்பப்பா வரும்?" என்றார்.

"வராதும்மா. இவ்வளவுதான்."

"இதுக்கு எதுக்கு ஒரு ஆளு?"

சிரித்துவிட்டேன். "அந்த ஆளும் உன்னை மாதிரிதான் படுத்துக் கிடந்தாரு" என்று கதையைச் சொன்னேன்.

1975-ல் ஈனோ ஒரு விபத்தில் சிக்கிப் படுக்கையில் இருந்தார். பார்க்க வந்த தோழி, 18-ம் நூற்றாண்டு ஹார்ப் இசைத்தட்டு ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். போட்டுவிட்டுப் படுத்த பிறகுதான் தெரிந்தது, சத்தம் ரொம்பக் குறைவு என்று. எழுந்து கூட்டத் தெம்பில்லை. வெளியே மழை. மழைச் சத்தத்துக்கு நடுவே அவ்வப்போது தலைகாட்டிய ஸ்வரங்களைக் கேட்டபடி கிடந்தவருக்கு, இசையை இப்படியும் கேட்கலாமே என்று தோன்றியது. அறைக்குள் விழும் வெளிச்சம் மாதிரி.

அதற்குள் இரண்டாவது டிராக் வந்திருந்தது. அதில் வெறும் குரல்கள்தான். ஒவ்வொன்றும் வெவ்வேறு நீளமுள்ள டேப்பில் சுற்றிச் சுற்றி வரும். அதனால் அவை சேர்வதும் பிரிவதும் மாறிக்கொண்டே இருக்கும். அடுத்து என்ன வரும் என்று காத்திருந்து பார்த்துவிட்டு, ஒரு கட்டத்தில் மனசு அதை விட்டுவிடும்.

"கச்சேரி தொடங்குறதுக்கு முன்னாடி தம்புரா மட்டும் கேட்குமே, அப்படி இருக்கு" என்றார் அம்மா. கொஞ்ச நேரத்தில் பேச்சு நின்றது.

தூங்கிவிட்டார் என்று நினைத்து, மொபைலை எடுத்துக்கொண்டு என் அறைக்குக் கிளம்பினேன்.

"ஏம்பா நிறுத்திட்ட? பக்கத்துல யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்துச்சு."

மறுபடி வைத்தேன். பாயை எடுத்து வந்து, கட்டிலுக்குப் பக்கத்திலேயே விரித்துப் படுத்துக்கொண்டேன்.