கடலுக்குள் ஒரு கண்

பணம் படைத்தோர்க்குப் பொருள் வாங்குவது பொழுதுபோக்கு. மாதச் சம்பளக்காரர்க்கோ அது ஒரு பரீட்சை. கல்கிசைக் கடலில் நீந்தப் பழகிய நம் பிள்ளைகள், நீருக்குள் கண்ட மீன்களைப் படம் பிடிக்க வேண்டுமென்று கேட்டபொழுது நாமும் அப்பரீட்சைக்கு அமர நேர்ந்தது. 2022 இல் ரூபாயின் மதிப்புச் சரிந்த பின்னர், கடலுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என இரண்டு கமராக்கள் வாங்குவதை நம்போன்ற குடும்பங்கள் எண்ணிப் பார்க்கவும் இயலாது. சரஸ்வதி பூசைக்கும் பிறந்தநாளுக்கும் உதவுவதே கடலுக்கும் உதவ வேண்டும்.

கடலடிப் படக்கலை இலங்கைக்குப் புதியதன்று. 1956 இல் ஆதர் சி. கிளார்க்கும் அவர் தோழர் மைக் வில்சனும் திருக்கோணமலைக் கடலில் சுழியோடினர். போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய பழைய கோணேசர் ஆலயத்தின் கற்றூண்கள் பாறையடியில் கிடப்பதைக் கண்டு, படமும் பிடித்தனர். அந்த வில்சனே பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவகல்கி என்னும் பெயருடன் வாழ்ந்தார் என்பது வியப்புக்குரிய செய்தி. அக்காலத்துப் படச்சுருளில் முப்பத்தாறு படங்களே அடங்கும். எது தேறியது, எது கெட்டது என்பதைச் சுருளைக் கழுவிய பின்னரே அறியலாம். இன்றோ எடுத்த மறுகணமே படத்தைக் காணலாம். ஆயினும், எதை வாங்குவது என்ற கேள்வி மட்டும் எளிதாகிவிடவில்லை.

கடைக்காரர் நம்மை இரண்டு எண்களால் மயக்கப் பார்ப்பார். முதலாவது மெகாபிக்சல். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், ஆறுக்கு நான்கு அங்குலப் படத்துக்கு 1800ஐ 1200ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 22 இலட்சம் புள்ளிகளே வேண்டும். ஒரு முழு ஏ4 தாளுக்கும் 87 இலட்சம் போதும். பன்னிரண்டு மெகாபிக்சல் என்பது 120 இலட்சம். அதற்கு மேல் கொடுக்கும் பணம் பெரும்பாலும் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணுக்கே கொடுப்பதாகும்.

இரண்டாவது எண் ஆழம். கடலில் ஒவ்வொரு பத்து மீற்றருக்கும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுகிறது. ஆனால் முகமூடியும் மூச்சுக்குழாயும் அணிந்து நீந்தும் பிள்ளைகள் இரண்டு மூன்று மீற்றருக்குக் கீழே செல்வதில்லை. பதினைந்து மீற்றர் தாங்கும் கருவி அவர்களுக்குத் தாராளம். முப்பது மீற்றருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது, கிணற்றில் நீர் அள்ளக் கப்பல் கயிறு வாங்குவது போன்றது.

நம் முன் நான்கு வழிகள் இருந்தன. கைத்தொலைபேசியை பிளாஸ்டிக் உறையிலிட்டுக் கொண்டு செல்வது மலிவு. ஆனால் நீருக்குள் அதன் தொடுதிரை சொன்னபடி கேளாது. 'நீர் புகாது' என்னும் உறுதியும் நன்னீரில் செய்த சோதனையைக் கொண்டே தரப்படுவது. உப்புநீரால் கெட்டால் உத்தரவாதம் பெரும்பாலும் கைகொடாது. விளையாட்டு வீரர்கள் தலையில் கட்டிக்கொள்ளும் சிறு கமரா அசைவுகளை அழகாகப் பிடிக்கும். வீட்டில் வரிசையாக நின்று எடுக்கும் படத்திலோ முகங்களைச் சிறுத்துக் காட்டும். நல்ல கமராவுக்குத் தனிக் கூடு வாங்கினால், கூட்டின் விலையே கமராவின் விலையை எட்டிவிடும். எஞ்சியது நீர்புகாச் சிறு கமரா. அதன் ஒளியுணர் தகடு மிகச் சிறியது; ஆதலால் இரவுக் கல்யாண மண்டபத்தின் மங்கல் ஒளியில் படம் சற்றுப் பொரிந்து தோன்றும். அக்குறையை அறிந்தே, முந்திய ஆண்டு வடிவம் ஒன்றைக் குறைந்த விலையில் வாங்கினோம்.

வாங்கியபின் கற்க வேண்டியவை சில உண்டு. நீர் முதலில் விழுங்குவது செந்நிறத்தை. ஐந்து மீற்றர் ஆழத்திலேயே சிவப்பு மங்கிப் பழுப்பாகும். எனவே நீருக்கடியில் நிறம் திருத்தும் அமைப்பு உள்ளதா எனப் பார்த்து வாங்க வேண்டும். எட்ட நின்று எடுக்கும் மீன் நீல மூட்டத்தில் மறையும். கைக்கெட்டும் தூரத்தில் எடுப்பதே நலம். கலங்கல் நீரில் மின்னொளி பாய்ச்சினால் தூசியெல்லாம் பனித்துளிபோல் மின்னிப் படத்தைக் கெடுக்கும். மூடியின் றப்பர் வளையத்தில் ஒரு மணலோ ஒரு மயிரோ சிக்கினாலும் நீர் உட்புகும். ஆகையால் கடற்கரையில் மூடியைத் திறவாது, வீடு வந்ததும் நன்னீரில் ஊறவைத்து, உலர்ந்தபின் திறத்தல் வேண்டும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் வைகாசி முதல் புரட்டாதி வரை கல்கிசைக் கடல் கொந்தளித்துக் கலங்கும். அக்காலத்தில் கிழக்கே நிலாவெளிக் கடல் தெளிந்திருக்கும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. அங்கே முருகைக்கற்களின்மேல் கால் பதிக்கலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு முதலிலேயே சொல்லிவைத்தோம். 1998 இல் கடல்நீர் சூடேறியதால் ஹிக்கடுவையின் முருகைக்கற்கள் பெரும்பகுதி வெளிறி மடிந்தன. இன்று எடுக்கும் படமே நாளை சான்றாகவும் ஆகலாம்.

புறாத்தீவில் எடுத்த படங்களைக் கணினியில் காட்டியபொழுது நம் அன்னையார், "இவற்றைக் கடதாசியில் போட்டுத் தா, தம்பி" என்றார். அவரிடம் தம் திருமணப் படம் ஒன்றும் இல்லை. நமது குழந்தைப் பருவத்துப் படமும் இல்லை. 1983 ஆடியில் வெள்ளவத்தை வீட்டோடு அவை எரிந்துபோயின. அவர் கேட்டவாறே கடதாசியில் அச்சிட்டோம். அத்துடன் மூன்று பிரதிகள் எடுத்து ஒன்றை யாழ்ப்பாணத்திலும் ஒன்றைக் கனடாவிலும் உள்ள உறவினரிடம் சேர்ப்பித்தோம். மிச்சம் பிடித்த பணம் இதற்கே சரியாயிற்று.

ஆகவே, கமரா வாங்கப் புகும் குடும்பத்தார்க்கு நாம் கூறுவது இதுவே: கையிலுள்ள பணம் முழுவதையும் கருவியில் போட்டுவிடாதீர்கள். ஒரு பங்கைப் படங்களைக் காப்பதற்கென ஒதுக்கி வையுங்கள். கருவி ஐந்தாறு ஆண்டுகளில் பழையதாகிவிடும். படமோ ஆண்டு செல்லச் செல்ல விலையேறும்.