மெல்லிய பூச்சும் மெருகேற்றும் எந்திரமும்

எங்கள் திருவட்டாறு, குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுவோரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு வெட்டுக்குப் பட்டையில் மெல்லிய சீவலை மட்டுமே எடுப்பார்கள். கத்தி மரத்தைத் தொட்டால் அவ்விடம் புண்ணாகி, பின்னர் வளரும் பட்டை முண்டும் முடிச்சுமாகிவிடும். காருக்கு எந்திரப் பாலிஷ் போடலாமா என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கத்தியைத்தான் நினைவூட்டுவேன். பட்டையாவது மீண்டும் வளரும், பெயிண்ட் வளராது.

அண்மையில் என் சகோதரியின் மகன் தன் பழைய காரை விற்கும் முன் பாலிஷ் செய்ய விரும்பினார். "புதிது போலாகிவிடும் மாமா" என்றார்.

தொழிற்சாலைப் பூச்சு முழுவதும் சேர்ந்தே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலேயுள்ள நிறமற்ற கிளியர் கோட் ஏறத்தாழ 40 மைக்ரான். தலைமுடியின் பருமன்கூட இல்லை. பாலிஷ் கீறலை நிரப்புவதில்லை. கீறலின் அடிமட்டம்வரை சுற்றியுள்ள பூச்சைத் தேய்த்துக் கழிக்கிறது. வெயிலின் புறஊதாக் கதிரைத் தடுப்பதும் அந்தக் கிளியர் கோட்தான். அளவுக்கு மீறி மெலிந்தால் இரண்டொரு கோடையில் வெளுத்து, செதில் செதிலாக உரியும். அப்புறம் மறுபெயிண்ட் தவிர வழியில்லை.

கதவின் மடிப்பு, பானெட்டின் விளிம்பு ஆகியவற்றில் எந்திரத்தின் அழுத்தம் ஒரு கோட்டில் குவிவதால் பூச்சு விரைவில் கழியும். பிளாஸ்டிக் பம்பரோ சூட்டைக் கடத்தாது; சுழல் எந்திரம் ஓரிடத்தில் சற்று நின்றாலே பெயிண்ட் கருகும்.

அளவுமானி வைத்துப் பார்த்தோம். கூரையில் 112, பானெட்டில் 81. முன்பே யாரோ நன்றாகத் தேய்த்திருக்கிறார்கள்! சாதாரண அளவுமானி மொத்தப் பருமனையே காட்டும். கிளியர் கோட் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று தனியாகச் சொல்லாது.

"ஒருமுறை தாங்கும் மாமா, விற்கத்தானே போகிறோம்?" என்றார். என்னை உறுத்தியது அந்த வார்த்தைதான். பளபளப்பு விற்பவருக்கு, உரிதல் வாங்குபவருக்கு. தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே மறைந்திருந்த ஈரத்தை நபி (ஸல்) அவர்கள் கண்டறிந்த செய்தியை அவரும் படித்தவர்தான். நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

காரைக் கழுவி, கையால் மெழுகு மட்டும் பூசினோம். வந்தவரிடம் பானெட்டைக் காட்டி அளவையும் சொன்னார். அவர் ஏழாயிரம் ரூபாய் குறைத்துக் கேட்டார், கொடுத்துவிட்டோம்.