பன்னீருக்கு ஒரு பாத்ரூம்!

கம்பத்திலிருந்து சுருளி அருவிக்குப் போகிற பஸ்ஸில் ஜன்னலோர சீட் கிடைத்தால் விடாதீர்கள். தென்னை, வாழை, நெல் வயல்... அப்புறம் பந்தல் பந்தலாகத் திராட்சை. குனிந்து பார்த்தால் கறுகறுவென்று பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாய்த் தொங்கும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழம் சார், கொஞ்சம் மரியாதையாகவே பாருங்கள்! அருவிக்குச் சற்று முன்னால் வருகிற ஊர்தான் சுருளிப்பட்டி.

ஆடி அமாவாசை வந்தால் சுருளியில் கூட்டம் தாங்காது. அருவியில் முழுகி, முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருவார்கள். அதில் ஒரு வேன் ஜனம் வருஷா வருஷம் என் பெரியப்பா மகன் வீட்டில்தான் இறங்கும். அமாவாசைக்கு மூன்று வாரம் முன்னால் நான் போனபோது, அந்த வீட்டில் ஒரு சிக்கல் குதித்து விளையாடிக்கொண்டிருந்தது. பெயர் பன்னீர். வயது மூன்று மாதம். பழம்தான் கறுப்பு, இந்தப் பன்னீர் வெள்ளை வெளேரென்று ஒரு முயல்.

அண்ணன் மகள் (ஐந்தாம் வகுப்பு) அழுது அடம்பிடித்து வாங்கியது. முயல் அழகுதான். ஆனால் ஹாலில், கட்டிலடியில், பீரோ இடுக்கில் எல்லாம் மிளகைக் கொட்டி வைத்த மாதிரி உருண்டை உருண்டையாக...

"நிஜ மிளகைப் பார்த்தாலே பயமா இருக்கு தம்பி" என்றார் மதினி. "அமாவாசைக்குள்ள இது ஒரே எடத்துல போகப் பழகணும். இல்லேன்னா வாங்குன எடத்துலயே கொண்டுபோய் விட்ருவேன்."

"எதுக்கு அலைச்சல்? அமாவாசை முடியட்டும். மறுநாள் கொழம்பு வெச்சிரு" என்றார் அண்ணன், பேப்பரிலிருந்து தலையெடுக்காமல். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. குழந்தை முயலைத் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடிவிட்டது.

முயலுக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுக்க முடியுமா? பேஷாக முடியும். அதற்குக் காரணம் அதன் பரம்பரை. நம்ம ஊர்க் காட்டு முயல் வளை தோண்டாது. புல் மறைவில் படுத்துக் காலத்தை ஓட்டிவிடும். (அதைப் பிடித்து வளர்த்தால் 1972-ஆம் வருஷத்து வன உயிரினச் சட்டம் நம்மைப் பிடித்துக்கொள்ளும்!) வீட்டு முயலின் மூதாதையர் ஐரோப்பாக்காரர்கள். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்த ஜாதி. குறிப்பிட்ட சில இடங்களைக் கழிப்பறையாக வைத்துக்கொள்வதும், அதையே எல்லைக் கல்லாக்குவதும் அவற்றின் வழக்கம். ஆகவே பழக்கம் ரத்தத்திலேயே இருக்கிறது. இடத்தைக் காட்டுவதுதான் நம் வேலை.

பண்ணைகளில் இந்தப் பிரச்னை இல்லை. கூண்டின் தரையே கம்பிவலை. எல்லாம் தானே கீழே விழுந்துவிடும். வீட்டுக்குக் கம்பிவலைத் தரை போட முடியுமா?

முதலில் பன்னீரை ஹாலின் ஒரு மூலையில் தடுப்புப் போட்டு அடைத்தோம். அது எந்த மூலையில் ஒதுங்குகிறது என்று பார்த்து, அங்கேயே ஒரு அகலமான பிளாஸ்டிக் டப். இதில் நம் வாஸ்துவெல்லாம் செல்லாது. மூலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முயலுக்கே! டப்பில் பழைய பேப்பர், அதன்மேல் வைக்கோல். இருபோகம் நெல் விளைகிற பள்ளத்தாக்கில் வைக்கோலுக்கா பஞ்சம்? ஈரம் பட்டால் கட்டியாகிற பூனை மணல் மட்டும் கூடாது. முயல் தின்று வைத்தால் வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

அடுத்ததுதான் சூட்சுமம். டப்பின் ஒரு ஓரத்தில் காய்ந்த புல் ஒரு கட்டு. முயலுக்கு மென்றுகொண்டே 'போவது' சுகம். (பேப்பர் இல்லாமல் போக முடியாத மனிதர்கள் சிரிக்க வேண்டாம்.) வெளியே விழுந்த உருண்டைகளைப் பொறுக்கி டப்பிலேயே போட்டோம். ஈரமான இடத்தை வினிகர் தொட்டுத் துடைத்தோம். வாசனை நின்றால் அதுவே மறுபடி போக அழைப்பு. அடி, அதட்டல் கிடையவே கிடையாது. பயந்த முயல் எதையும் கற்றுக்கொள்ளாது.

நான் பி.காம். ஆகவே பன்னீருக்கு ஒரு லெட்ஜர் போட்டுக் குழந்தையிடம் கொடுத்தேன். டப்புக்குள் விழுந்தால் வரவு, வெளியே விழுந்தால் பற்று. ஒரு முயல் தினமும் 200, 300 உருண்டை போடும். வருஷத்துக்கு 73,000-க்குக் குறையாது! இதில் சேராத கணக்கு ஒன்று உண்டு. மெத்தென்று கொத்தாக வரும் ஒரு வகையை முயல் தானே தின்றுவிடும். அருவருப்பு வேண்டாம். அதில்தான் சத்து. மூத்திரம் சில நாள் சிவப்பாக இருந்தாலும் பெரும்பாலும் இலை தழையின் சாயம்தான். ஆனால் பாதி நாள் தீனி தின்னாமல், உருண்டையும் போடாமல் சுருண்டு கிடந்தால் உடனே கால்நடை டாக்டரிடம் ஓட வேண்டும். அது உயிருக்கே ஆபத்து. அந்த மிளகுதான் முயலின் ஹெல்த் ரிப்போர்ட்!

ஒரு வாரத்தில் மூத்திரம் முழுக்க டப்புக்குள். இரண்டாம் வாரம் தடுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள். வெளியே நாலைந்து உருண்டை விழத்தான் செய்யும். அதை வாராக்கடனில் எழுதிவிட வேண்டியதுதான். இன்னொரு பரீட்சை பாக்கி. நாலு மாதத்துக்கு மேல் வயசுக்கு வந்ததும் எல்லை போட மறுபடி அங்கங்கே பீய்ச்சும். முயலுக்குச் செய்து பழகிய டாக்டரிடம் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

டப்பில் சேர்ந்ததை மதினி கொண்டுபோய்த் திராட்சைக் கொடிக்குப் போட்டார். மட்க வைக்காமல் அப்படியே போடக்கூடிய எரு. செலவுக் கணக்கு வரவுக் கணக்கானதும் மதினியின் முகமே மாறிவிட்டது. "இருந்துட்டுப் போகட்டும், பாவம்!"

அமாவாசையன்று வேன் வந்தது. ஹால் பளிச்சென்றிருந்தது. குழம்புப் பேச்சையே அண்ணன் எடுக்கவில்லை. தர்ப்பணம் முடித்து வந்த பெரியவர் ஒருவர் தரையில் பேப்பரை விரித்து, மூக்குக் கண்ணாடியைத் தேடினார். பன்னீர் நிதானமாக நடந்து வந்தது. தலையங்கத்தின் மேல் ஏறி உட்கார்ந்தது.

பழக்கம் அப்படி! வீட்டில் முயல் வளர்க்கும் வாசகர்கள் இந்தப் பக்கத்தைக் கையில் வைத்தே படிக்கவும்.