காயல் வீட்டுச் சுவர்கள் ஏன் வியர்க்கின்றன?

திருச்செந்தூருக்குச் சற்று வடக்கே, மன்னார் வளைகுடாக் கரையில் அமைந்துள்ள காயல்பட்டினத்தின் பழைய தெருக்களில் ஒருமுறை நடந்து பாருங்கள். தெருவாசல் குறுகலாக இருக்கும். உள்ளே நுழைந்தால் வீடு நீண்டுகொண்டே போகும். அறைக்குப் பின் அறை, நடுவே வானம் தெரியும் முற்றம், அதற்கப்பால் அடுக்களை, புறவாசல். பெண்கள் நடமாடுவதற்கென்றே முடுக்குகள். இத்தனை நீளமான வீட்டில் சன்னல்கள் இவ்வளவு குறைவாக இருக்கின்றனவே என்று உங்களுக்குத் தோன்றலாம். சன்னலின் வேலையை முற்றம் செய்தது. சூடேறிய காற்று அதன் வழியே மேலே போக, அவ்விடத்தை நிரப்ப வாசலிலிருந்து புதுக்காற்று உள்ளே வந்தது.

இன்று அவ்வீடுகள் சிலவற்றில் கால் வைத்ததுமே பூஞ்சை நெடி மூக்கைத் தாக்குகிறது. பீரோவை நகர்த்தினால் சுவரெங்கும் கரும்புள்ளிகள். மூச்சிரைப்பு உள்ள குழந்தைக்கும் முதியவர்க்கும் இப்பூஞ்சை பெருந்தொல்லை. கேட்டால், "கடற்கரை ஊர், அப்படித்தான் இருக்கும்" என்பார்கள். பாதி உண்மைதான், மறுபாதி நம் கைவேலை. பெண்மக்களுக்கு வீடு கொடுத்து மணமுடிக்கும் ஊர் இது. மகள்கள் இருவரானால், நீண்ட வீட்டின் நடுவே ஒரு சுவர் எழும்புகிறது. வாசலுக்கும் புறவாசலுக்கும் இடையே ஓடிய காற்று அன்றோடு நின்றுவிடுகிறது. திருட்டுக்கு அஞ்சி முற்றத்தை ஃபைபர் தகட்டால் மூடுகிறோம். சுண்ணாம்புச் சாந்து உதிர்கிறதென்று சிமெண்ட் பூசி, அதன்மேல் பளபளக்கும் பெயிண்டையும் அடிக்கிறோம்.

விளைவு என்ன? 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 20 டிகிரியில் 17 கிராம்தான். சோறு வேகும் ஆவி, குளியலறை ஈரம், உள்ளே காயப்போட்ட துணி, உறங்குவோரின் மூச்சு எல்லாம் வெளியேற வழியின்றி, மழையில் குளிர்ந்த சுவரிலும் தரையிலும் நீராகப் படிகின்றன. வீடு வியர்க்கிறது என்று பெண்கள் சொல்வது மிகச் சரியான சொல்.

ஆனால் எல்லா ஈரமும் வியர்வையன்று. 2023 டிசம்பர் 18 காலை வரையிலான 24 மணி நேரத்தில் இவ்வூரில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது. அத்தகைய வெள்ளத்தைக் குடித்த சுவர் உலர மாதங்கள் பிடிக்கும். சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும், சிமெண்ட் பூச்சோ உள்ளேயே அடைத்துவைக்கும். எது எதுவென்று அறிய, சுவரில் ஒரு சாண் அலுமினியத் தாளை நான்கு ஓரமும் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். அறைப்பக்கம் நனைந்திருந்தால் காற்றின் ஈரம். சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருக்கும் ஓதம். இதைப் பாராமலே விலையுயர்ந்த பெயிண்ட் வாங்குவது வீண்செலவு.

காற்றின் ஈரமானால், அதற்கு வழிவிடுவதே மருந்து. முற்றத்துத் தகட்டை ஓரடி உயர்த்திப் பக்கங்களில் கம்பிவலை அடியுங்கள். பாகச் சுவரின் உச்சியில், கூரையை ஒட்டிச் சில துளைக்கற்கள் வையுங்கள். பார்வைக்கு மறைவும் கெடாது. பேச்சுக் கேட்குமே என்பீர்கள்; கேட்டால்தான் என்ன, உடன்பிறந்தவர்கள்தானே! அடுக்களையிலும் குளியலறையிலும் காற்றை வெளியேற்றும் விசிறி கட்டாயம் வேண்டும். ஏ.சி. அறையில் உறங்குவோர், ஸுப்ஹு நேரத்தில் அதை நிறுத்திய கையோடு சன்னலைத் திறக்க வேண்டாம். குளிர்ந்த அறைக்குள் கடற்காற்று புகுந்தால் பொருளெல்லாம் நனையும். வெயில் ஏறிய பின் திறவுங்கள். ஆடி மாதத்து வறண்ட மேல்காற்றை மட்டும் தூசிக்கு அஞ்சி வெளியே நிறுத்திவிடாதீர்கள். ஆண்டு முழுதும் சேர்ந்த ஈரத்தை உலர்த்தித் தருவது அதுதான்.

இனி, சுவர் அலமாரியில் பாட்டனார் விட்டுச்சென்ற கிதாபுகள். பூஞ்சை பிடித்தவற்றை வெயிலில் போட்டால் தாள் நொறுங்கும். முற்றத்து நிழலில், மூக்கைத் துணியால் மூடிக்கொண்டு, நன்கு உலர்ந்தபின் மென்மையான தூரிகையால் தட்டியெடுங்கள். திரும்ப அடுக்கும்போது சுவருக்கும் நூலுக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். அலமாரிக் கதவிலும் மேலும் கீழுமாகச் சில துளைகள் இடச் சொல்லுங்கள், தச்சருக்கு அரைமணி வேலைதான்.