கிளச்சுக்கும் விசாவுக்கும் என்ன சம்பந்தம்?

"கடைசி விலை என்ன?"

பழைய கார் தேடுகிற எல்லாரும் ஃபோனில் கேட்கிற முதல் கேள்வி இதுதான். காரை நாங்கள் இன்னும் பார்க்கவில்லை. எங்களை அவர் பார்க்கவில்லை. அதுக்குள்ள கடைசி விலை. விற்கிறவரும் சும்மா ஒரு கணக்குச் சொல்லுவார், நாங்களும் சும்மா ஒரு லட்சம் குறைத்துக் கேட்போம். பிறகு நடுவில எங்கேயாவது வந்து நிற்கும். அதுக்குப் பெயர் பேரம். அந்த விலை நியாயமானதா எண்டு ரெண்டு பேருக்குமே தெரியாது.

எங்கட அம்மா நெல்லியடிச் சந்தையில ஒரு கட்டுக் கீரைக்குப் பத்து ரூபா குறைக்கக் கால் மணித்தியாலம் நிற்பா. ஆனால் லட்சக்கணக்கில காசு குடுக்கிற இடத்தில எங்களுக்கு வாய் வராது. கேட்டால் மரியாதை இல்லையோ, காசில்லாத ஆக்கள் எண்டு நினைப்பினமோ எண்டு ஒரு கூச்சம். எனக்கும் அந்தக் கூச்சம் இருந்தது. ஆனால் அம்மாவின் முழங்காலுக்குக் கிழமையில் இரண்டு தரம் யாழ்ப்பாணம் போக வேண்டியிருந்தது. ஓட்டோவுக்குக் கொடுக்கிற காசைக் கூட்டிப் பார்த்தால் வங்கிக் கடனில் பாதியைக் கட்டலாம் போல இருந்தது. சேமிப்பும் கடனும் சேர்த்து என்னிடம் இருந்தது 27 லட்சம். அதுக்கு மேல ஒரு சதமும் இல்லை.

எங்கட நாட்டில கார் விலையை விளங்கிக்கொள்வது லேசான வேலை இல்லை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் வாகனங்களுக்கு அது திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். இடையில் கிட்டத்தட்ட ஐந்து வருசம். புதுக் கார் வராத நாட்டில் பழைய கார் காணி மாதிரி ஆகிவிட்டது. வாங்கின விலையை விடக் கூட விலைக்கு விற்றார்கள். திறந்த பிறகும் வரி பெரிதாக இருந்ததால், சனம் எதிர்பார்த்த மாதிரி விலை விழவில்லை. அதனால் "நீங்கள் எத்தனைக்கு வாங்கினீங்கள்?" எண்டு கேட்பதில் பிரயோசனம் இல்லை. இதே கார் இண்டைக்கு எத்தனைக்குக் கை மாறுது எண்டதுதான் கேள்வி.

அதைத் தெரிந்துகொள்ள இரண்டு மாதம் ஒரு கொப்பியில் எழுதினேன். 2014, 2015 ஆல்ட்டோ விளம்பரங்கள் எல்லாம். போட்ட விலை, எத்தனை நாளில் விலை குறைந்தது, எது மூன்று நாளில் காணாமல் போனது. விளம்பர விலை விற்பவரின் ஆசை. கெதியாகக் காணாமல் போகிற கார்களின் விலைதான் சந்தைக்குக் கிட்ட நிற்கிறது. நல்ல நிலையில் உள்ள கார் கிட்டத்தட்ட 28 லட்சத்துக்குப் போகிறது எண்டு எனக்குப் பிடிபட்டது.

பார்த்த முதல் காரின் சொந்தக்காரர், நான் கேட்ட எல்லாக் கேள்விக்கும் என்னோட வந்த மெக்கானிக் அண்ணைக்குத்தான் பதில் சொன்னார். கடைசியில் "தங்கச்சிக்கு ஓட வருமோ?" எண்டும் கேட்டார். இரண்டாவது கார் பளபளவென்று இருந்தது. ஆனால் புத்தகத்தில் முழு உரிமையாளர் எண்ட இடத்தில் ஒரு லீசிங் கொம்பனியின் பெயர். "அது பிறகு பாப்பம், ஓப்பன் பேப்பரில எடுங்கோ" எண்டார். அப்படியே திரும்பிவிட்டோம்.

மூன்றாவது ஓய்வுபெற்ற ஒரு மாஸ்ரருடைய கார். 28 லட்சத்து 50 ஆயிரம் சொன்னார். வர முன்னம் காரை ஸ்டார்ட் பண்ண வேண்டாம் எண்டு கேட்டிருந்தேன். போனதும் அண்ணை பொனற்றில் கையை வைத்துப் பார்த்தார், குளிர்ந்திருந்தது. குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகுது எண்டதில நிறைய விசயம் இருக்கு. ரயரின் பக்கத்தில் 1417 எண்டு நாலு இலக்கம். 2017ஆம் ஆண்டின் 14ஆவது கிழமை செய்த ரயர் எண்டு அர்த்தம். நாலும் அதே. கதவுக்குக் கீழே கறள். கிளச் மேலே பிடிக்கிறது. ஓடிப் பார்க்கும்போது முன்பக்கத்தில் ஒரு டொக் டொக் சத்தம்.

அண்ணையிடம் ஒவ்வொன்றுக்கும் கணக்குக் கேட்டு எழுதினேன். ரயர் நாலும் 64 ஆயிரம். முன் சொக், புஷ் வேலை 45 ஆயிரம். கிளச் 40 ஆயிரம். கறள் வெட்டி பெயின்ற் அடிக்க 60 ஆயிரம். மொத்தம் 2 லட்சத்து 9 ஆயிரம். 28இல் இருந்து கழித்தால் 25 லட்சத்து 91 ஆயிரம். அந்தக் கடதாசியை மேசையில் வைத்தேன்.

மாஸ்ரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொப்பி திருத்துகிற மாதிரி ஒவ்வொரு வரியாகப் பார்த்தார்.

"ரயர் சரி. சொக்கும் சரி. கிளச் இன்னும் ஒரு வருசம் ஓடும் பிள்ளை, முழுசா என்ர தலையில போடாதையும். கறள் வடமராச்சியில எந்தக் காருக்கு இல்லை? நீர் பாத்த 28 லட்சக் காருகளுக்கும் இருக்கும்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வதும் சரி. கறளை வெட்டினேன். கிளச்சைப் பாதியாக்கினேன். 26 லட்சத்து 71 ஆயிரம் வந்தது.

அப்போதுதான் அன்ரி தேத்தண்ணியோடு வந்தா. "வெள்ளிக்கிழமைக்குள்ள தம்பியின்ர விசாக் காசு கட்டோணும். இல்லாட்டி இவர் இந்தக் காரைக் குடுக்கவே மாட்டார்" எண்டா. மாஸ்ரர் நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். அன்ரி உள்ளே போய்விட்டா.

அண்ணை என்னை முற்றத்துக்குக் கூப்பிட்டு, "தங்கச்சி, இப்ப 26 எண்டு சொல்லுங்கோ. குடுப்பார்" எண்டார். கொழும்பில இருக்கிற அண்ணாவுக்கு ஃபோன் எடுத்தேன். அவனும் அதையேதான் சொன்னான். இரண்டு பேரும் சொன்னது உண்மை. அவர் கொடுத்திருப்பார்.

எனக்கு 71 ஆயிரம் சின்னக் காசு இல்லை. ஒன்றரை மாதக் கடன் தவணை. ஆனால் அந்தக் கடதாசியில் நான் எழுதின ஒவ்வொரு வரியும் காரைப் பற்றியது. விசா காரின் பழுது இல்லை. அம்மாவின் முழங்காலை நான் அவரிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்து, அதுக்காக அவர் விலையைக் கூட்டியிருந்தால் அவரைப் பற்றி ஊரெல்லாம் என்ன கதைத்திருப்பேன்? எங்கட ஊரில காணி, நகை, மோட்டார்சைக்கிள் எத்தனை இப்படி 'வெளிநாடு போற அவசரத்தில' அரை விலைக்குக் கை மாறியிருக்கு. வாங்கினவர்கள் அதைக் கெட்டித்தனம் எண்டு சொல்லுவார்கள். விற்ற வீட்டில அதுக்கு வேற பெயர்.

அவசரத்தில் நான் நேர்மையாக விற்கக்கூடிய ஒன்று இருந்தது, அது வேகம். உள்ளே போய், "சேர், புதன்கிழமை காசு உங்கட எக்கவுண்டில இருக்கும். 26 லட்சத்து 75. ஆனால் ஓப்பன் பேப்பர் வேண்டாம், அண்டைக்கே மாத்துவம்" எண்டேன்.

"அதென்ன, கணக்கை விட நாலாயிரம் கூட?"

"ரெண்டு பற்றறித் தண்ணிப் போத்தலும் ஜக்கும் டிக்கியில கிடந்ததே சேர்."

சிரித்தார். 50 ஆயிரம் அட்வான்ஸ் கொடுத்து, சேசி நம்பர், மிச்சக் காசு, திகதி எல்லாம் எழுதி இரண்டு பேரும் கையெழுத்து வைத்தோம். மிச்சம் வங்கியில் இருந்து வங்கிக்கு. பெயர் மாற்றுவது எனக்கு மட்டும் நல்லது இல்லை. பழைய பெயரிலேயே ஓடினால், நான் எங்கேயாவது இடித்தாலும் பொலிஸ் முதலில் தேடிப் போவது அவரைத்தான்.

அண்ணா இண்டைக்கும் சொல்லுவான், "முக்கால் லட்சம் விட்டிட்டாய்" எண்டு. ரயர் நாலும் மாற்றியாச்சு. கிளச் எட்டு மாதமாக ஓடுது. மாஸ்ரர் சொன்ன ஒரு வருசத்துக்கு இன்னும் நாலு மாதம் இருக்கு.