கழிந்தது கதிரின் காலம்

நைல் நதிக்கரையில் இறந்தோர்க்கென எழுந்த கல்மனைகளில், இறவாமை வேண்டிச் செதுக்கப்பெற்றது ஞாயிறு. சிறகு விரித்த வட்டமாய்க் கோயில் வாயில்மேல் வீற்றிருந்தது. கதிர்நுனி தோறும் கைகள் நீட்டி மன்னனைத் தழுவிற்று. அம்மன்னர் கழிந்தனர், அவர் மொழி கழிந்தது, அவர் தொழுத தெய்வங்களும் கழிந்தன. ஞாயிறு மட்டும் கடல் கடந்தது.

1798இல் நெப்போலியன் படையொடு எகிப்துக்குச் சென்ற அறிஞர், மேலே செல்லச் செல்ல உட்சாயும் மதில்களையும், தாமரைத் தலை ஏந்திய தூண்களையும், வானைத் தைக்கும் ஒற்றைக்கல் ஊசிகளையும் ஏட்டில் வரைந்து கொணர்ந்தனர். ஐரோப்பா தன் இடுகாடுகளிலும் களியாட்ட மண்டபங்களிலும் அவ்வடிவங்களை எழுப்பிற்று. 1812இல் இலண்டனின் பிக்காடிலி வீதியில் எழுந்த எகிப்திய மண்டபம், 1905இல் இடிபட்டுக் கழிந்தது. ஆயினும் 1922 நவம்பரில் அகழ்வாய்வாளர் ஹோவர்ட் கார்ட்டர் எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறை வாயிலைக் கண்டறிய, மாண்டவன் மனையின் பொலிவு வாழ்வோர் நகரங்களில் மீண்டும் பரந்தது. 1925ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சி பெயர் ஈந்த ஆர்ட் டெக்கோ கலைப்பாணி, எகிப்து ஒன்றையே தாயாகக் கொண்டதன்று. மெக்சிகோவின் படிக்கோயில்களும் எந்திர யுகத்தின் விரைவும் அதனுள் கலந்தன. எனினும் அதன் விரிகதிரில் நைல் நாட்டு வெயில் உண்டு.

அவ்வெயில் நம் கோலாலம்பூருக்கும் வந்தது. கிள்ளான் ஆறும் கோம்பாக் ஆறும் கூடும் கூடலுக்கு அணித்தாய், மேடான் பாசாரில், ஆறாம் ஜார்ஜ் முடிசூடிய 1937இல் எழுந்தது ஒரு மணிக்கூண்டு. அருகு சென்று அண்ணாந்து காண்மின்: விசிறியாய் விரியும் கதிர்கள் இன்றும் அதன் உடலில் உள. முடிசூட்டைப் பறைசாற்றிய பட்டயங்கள் விடுதலைக்குப்பின் அகற்றப்பட்டன. அரசன் கழிந்தான், பேரரசு கழிந்தது, கதிர் நின்றது. 1934இல் கிள்ளானில் கட்டடக் கலைஞர் கெஸ்டெவன் வரைந்தளித்த சுல்தான் சுலைமான் பள்ளிவாசலும், கோலாலம்பூரில் 1936இல் ஓடியன் திரையரங்கும், மறு ஆண்டில் சென்ட்ரல் மார்க்கெட்டும் அக்காலத்து உடன்பிறப்புகள்.

அக்கதிரின் கீழ் நடந்தோர் யார்? லெபோ அம்பாங் கிட்டங்கிகளில் கைப்பெட்டி முன் கால்மடக்கி அமர்ந்த செட்டிமார்; பிரிக்பீல்ட்ஸ் குவார்ட்டர்ஸ்களினின்று விடியுமுன் வேலைக்கு நடந்த ரயில்வே தொழிலாளர்; தோட்டத்து லயங்களினின்று பட்டணம் காண வந்த பால்மரக் கூலிகள். மணிக்கூண்டு எழுந்து ஐந்தாண்டு நிறையுமுன், 1942 சனவரியில் சப்பானியர் கோலாலம்பூரில் புகுந்தனர். லயங்களினின்று இளையோர் சயாம் மரண ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டனர். மூங்கிற்காட்டில் காய்ச்சலிலும் பேதியிலும் பலர் கழிந்தனர். அவருள் மிகப்பலர்க்குக் கல்லறையும் இல்லை, பெயரும் இல்லை. பாரோவுக்கு மலையனைய கல் குவித்த உலகம், நம்மவருள் மிகப்பலர்க்கு ஒரு பிடி மண்ணும் அடையாளமாய் வைத்திலது. இதனை எண்ணுந்தோறும் கை ஓய்கிறது, சொல் ஓய்கிறது.

போருக்குப்பின் கட்டிடங்கள் வந்தன, கதிர் வரவில்லை. கடைவீட்டு நெற்றியில் ஆண்டும் குடிப்பெயரும் பொறித்த வழக்கம் கழிந்தது. சாந்தைக் கையால் இழைத்துப் பூவாக்கிய கொத்தர் தலைமுறை கழிந்தது. தெருவில் போகும் ஏழையும் கண்ணுறுமாறு சுவருக்கு அணி செய்த நாகரிகம் கழிந்தது. இன்று மெர்டேக்கா 118 கோபுரம் 678.9 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. உயரத்தில் குறையில்லை, கை தொட்ட தடம் அதில் இல்லை. மேடான் பாசாரில் மணிக்கூண்டைக் கடப்போர் கைப்பேசியில் மணி பார்த்துக் கடக்கின்றனர்.

சென்ட்ரல் மார்க்கெட்டும் ஒருகால் இடிபாட்டுக்குக் குறிக்கப்பெற்றதே. மரபு காப்போர் குரல் எழுப்பியதால் அது பிழைத்தது. 1980களில் கலைச்சந்தையாய் மறுவாழ்வு பெற்றது. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் வாழும் தமிழீர், நும் தெருவின் பழங்கடை நெற்றிகளை இன்றே படமெடுத்து வைம்மின்; அவற்றின் கீழ் வாழ்ந்த நும் முன்னோர் பெயர்களை முதியோரிடம் கேட்டு எழுதி வைம்மின்; இடிக்கும் அறிவிப்பு ஒட்டப்படுமுன் நகராண்மையிடம் சென்று குரல் கொடுமின்.