கால் சூடா, கார் சூடா?

கோயம்புத்தூரில் வாடகைக்கு கார் ஓட்டும் அண்ணன் ஒருத்தர். அவருக்கு வயசு 52, பெட்ரோல் காருக்கு வயசு 12. அண்ணனுக்கு ஒன்பது வருஷமா சுகர். கார் அதுவரைக்கும் ஆரோக்கியமாத்தான் இருந்தது.

சித்திரை வெயிலில் ஆரம்பிச்சது பிரச்சனை. அரை மணி நேரம் ஓட்டினாலே கால் தகதகன்னு காயுது. வீட்டில் சொன்னார். "மாத்திரை ஒழுங்கா போட்டா ஏன் எரியுது?"ன்னு அண்ணி ஒரே போடு. ஸ்டாண்டில் சொன்னார். "சுகர் எவ்வளவுங்ணா இருக்கு?"ன்னு கேட்டாங்க. சுகர் இருக்கும் மனுஷனுக்கு இது ஒரு சாபம்.. உச்சந்தலையில் தேங்காய் விழுந்தாலும் காரணம் சுகர்தான்!

மெக்கானிக் வேற வழியில் போனார். சூடுன்னு சொன்னதும் ஏ.சி. கேஸ் நிரப்பினார். அடுத்து கூலன்ட், அடுத்து தெர்மோஸ்டாட். இன்சூரன்ஸுக்கு எடுத்து வெச்சதில் 6,000 ரூபாய்க்கு மேல காலி. சூடு மட்டும் அப்படியே இருந்தது. (டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவில் அசையாம நிக்குது. அதை ஒரு தடவை பார்த்திருந்தா தெர்மோஸ்டாட் காசாவது மிஞ்சியிருக்கும்.)

அப்புறம் ஒரு நாள் ஊட்டி சவாரி. மேட்டுப்பாளையத்தில் பஞ்சர் ஒட்டும்போது, பக்கத்து ஒர்க்‌ஷாப் பெரியவரிடம் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கார். பெரியவர் கேட்டது ஒரே கேள்வி.

"எந்தக் காலுங்க?"

அண்ணன் யோசிச்சார். இடது கால். அதுவும் நடுவில் கியர் பக்கமா இருக்கும் ஓரம்தான்.

அவ்வளவு நாளா யாருமே இதைக் கேட்கலை! சுகரால் வரும் எரிச்சல்னா பெரும்பாலும் ரெண்டு காலிலும் சேர்ந்து வரும், ராத்திரியில் படுத்தும். இது வண்டி ஓட்டும்போது மட்டும், ஒரு காலில் மட்டும். அப்போ சந்தேகம் வண்டி மேலதான் போகணும். வண்டியிலும் எங்கேன்னு பார்க்கணும். பாதத்துக்கு மேலே சூடான காத்து அடிச்சா ஹீட்டர். குதிகாலுக்குக் கீழேயும் நடு மேட்டுப் பக்கமும் சுட்டா, அடியில் ஓடும் சைலன்சர் பைப்.

பெரியவர் ஹீட்டர் குமிழைக் குளிர் பக்கம் முழுசாத் திருப்பி, காத்தாடியைப் போட்டு, கால் பக்கம் வரும் காத்தில் கையை வெச்சுப் பார்த்தார். சூடே இல்லை. ஹீட்டர் தப்பிச்சது. மேட்டைத் தூக்கித் தரையைத் தொட்டவர் கையை வெடுக்குன்னு எடுத்துட்டார். கொரோனா சமயத்தில் வாங்கின நெற்றித் துப்பாக்கி ஒண்ணு மேஜையில் கிடந்தது. அதைக் காட்டினால் 'ஹை'ன்னு எழுத்து வந்து நின்னுடுச்சு. பாவம், அது காய்ச்சல் பார்க்கற கருவி..

வண்டியை ஏத்தி அடியில் பார்த்தால் விஷயம் வெளிச்சம். கேட்டலிடிக் கன்வர்ட்டருக்கு மேல இருக்க வேண்டிய ஹீட் ஷீல்டு தகடு காணோம், போல்ட்டு மட்டும் நிக்குது. முந்தின ஐப்பசியில் 'கடகட'ன்னு சத்தம் வருதுன்னு ஒரு ஒர்க்‌ஷாப்பில் கழட்டிப் போட்டதை அண்ணன் அப்போதான் ஞாபகப்படுத்தினார். மழைக்கும் பனிக்கும் தெரியலை. வெயிலில் தெரிஞ்சது.

இந்தக் கன்வர்ட்டர் நம்ம ஊருக்கு ரொம்பப் பழசு இல்லை. 1995 ஏப்ரலில்தான் நாலு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாச்சு. புகையில் இருக்கும் விஷத்தைக் குறைக்கும் வேலை, அதை சூட்டில்தான் செய்யும். ஓடும்போது 400 டிகிரியைத் தாண்டறது சாதாரணம். இன்ஜின் மிஸ்ஸிங் அடிச்சா இன்னும் மோசம். எரியாத பெட்ரோல் அங்கே போய் எரியும். அண்ணன் வண்டியில் அதுவும் இருந்தது, ஒரு பிளக் செத்துக் கிடந்தது. மைலேஜ் குறைஞ்சதுக்கு பங்க்காரரைத் திட்டிக்கிட்டு இருந்தாராம்!

பெரியவர் முகம் மாறினது அதுக்கப்புறம். பைப் இணைப்பில் கரி படிஞ்சிருந்தது, புகை கசிவு. இன்ஜின் பக்கத் தடுப்புத் தகட்டில் அலாரம் ஒயர் விட்ட ஓட்டைக்கு ரப்பர் இல்லை. சூடு வரும் வழியில் கார்பன் மோனாக்சைடும் உள்ளே வரலாம், அதுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மலை ஏறும்போது பின் சீட்டில் தலைவலின்னு சொன்ன சவாரிகளை அண்ணன் ஒவ்வொண்ணா எண்ணிப் பார்த்தார். எல்லாரையும் 'கொண்டை ஊசி வளைவு ஒத்துக்கலை'ன்னு சமாதானப்படுத்தி இருக்கார். ஊட்டி சவாரியை அன்னிக்கு வேற வண்டியில் ஏத்தி அனுப்பிட்டார்.

உக்கடம் பழைய சாமான் கடையில் ஒரு ஷீல்டு, புது கேஸ்கெட், பிளக், ஓட்டைக்கு ரப்பர். கூலியோட சேர்த்து 2,300 ரூபாய்.

சாயங்காலம் செருப்பைக் கழட்டும்போதுதான் அண்ணி பார்த்தாங்க. இடது குதிகால் ஓரம் ஒரு கொப்புளம், உடைஞ்சு ஈரமா. வலிக்கலையான்னு கேட்டதுக்கு அண்ணன் முழிச்சார். மறுநாள் டாக்டர் ஒரு நைலான் நரம்பை எடுத்து பாதத்தில் அங்கங்கே தொட்டு, கண்ணை மூடிக்கிட்டு சொல்லச் சொன்னார். கொப்புளம் வந்த இடத்தில் அண்ணன் எதுவும் சொல்லலை. சூடு இல்லாத வலது காலிலும் ரெண்டு இடத்தில் சொல்லலை.

புண் ஆற ஆறு வாரம் ஆச்சு. இப்போ டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் மேட்டைத் தூக்கி, புறங்கையை வெச்சுப் பார்த்துட்டுத்தான் இறங்கறார்.